மெருகை மறுத்த ஆல்பம்

புகழின் உச்சியில் இருந்த நிர்வானா குழு 1993இல் வெளியிட்ட 'இன் யூட்ரோ' முதலில் ஒரு சர்ச்சையாகவும், பிறகு ஒரு மரண வாக்குமூலமாகவும் கேட்கப்பட்டது. அது இசையாகக் கேட்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

சம்பளம் பேசும் கடிதங்கள் இசை வரலாற்றில் இடம்பெறுவது அபூர்வம். 1992 இறுதியில் சிகாகோ ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி எழுதிய நான்கு பக்கக் கடிதம் இடம்பெற்றுவிட்டது. அப்போது அமெரிக்காவில் மிக அதிகமாகப் பேசப்பட்ட ராக் குழுவான நிர்வானா, தனது அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய அவரை நாடியிருந்தது. விற்பனையில் ஒரு சதவீதமாவது பங்கு கேட்பது அந்தத் தொழிலில் வழக்கம். 30 லட்சம் பிரதிகள் விற்றால் தனக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வரும் என்று அல்பினியே கணக்குப் போட்டுக் காட்டினார். காட்டிவிட்டு, வேண்டாம் என்றார். அவ்வளவு பணத்தை வாங்கினால் தூக்கம் வராதாம். குழாய் ரிப்பேர் செய்கிறவருக்குக் கொடுப்பதுபோல, செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும். ஓர் ஆல்பத்தை முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் யாரோ வேலையைக் கெடுக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனிக்காரர்கள் தலையிடக்கூடாது.

குழுவினருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பேசி முடித்த கூலி 1 லட்சம் டாலர். அதற்குமேல் ஒரு பைசா கிடையாது. அந்த உடன்பாட்டிலிருந்து பிறந்த ஆல்பம்தான் 'இன் யூட்ரோ'. 'கருப்பைக்குள்' என்று பொருள்படும் லத்தீன் சொல். ஒரு கலைஞனுக்குக் கோடிக்கணக்கில் கேட்பவர்கள் கிடைத்துவிட்ட பிறகும் தன் ஒலியைத் தானே தீர்மானிக்கும் உரிமை அவனிடம் இருக்கிறதா? இந்த ஆல்பத்தைச் சுற்றி எழுந்த அத்தனை சண்டைகளுக்கும் அடியில் இருந்தது அந்தக் கேள்விதான்.

606 டாலரிலிருந்து

கர்ட் கோபேன் பிறந்தது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் அபர்தீன் என்ற ஊரில். மரம் வெட்டுவதையே நம்பியிருந்த ஊர் அது. அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் கிறிஸ்ட் நோவசெலிக், பேஸ் கிட்டார் வாசிப்பவர். இருவரும் சேர்ந்து தொடங்கிய குழுவின் முதல் ஆல்பம் 'பிளீச்' 1989இல் வெளிவந்தது. பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். சியாட்டிலைச் சேர்ந்த சப் பாப் என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. பெரிய கம்பெனிகளுக்கும் வானொலியில் கோலோச்சிய பகட்டான ராக் இசைக்கும் வெளியே, கல்லூரி வானொலி நிலையங்களையும் சின்னக் கடைகளையும் நம்பி வளர்ந்துவந்த இசை அது. அதற்குத்தான் 'ஆல்டர்னேடிவ் ராக்' என்று பெயர்.

1990இல் டிரம்ஸ் கலைஞர் டேவ் குரோல் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 24இல் டிஜிசி என்ற பெரிய கம்பெனி மூலம் 'நெவர்மைண்ட்' வெளிவந்தபோது அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பப்பட்டவை 50,000 பிரதிகளுக்கும் குறைவு. கம்பெனிக்கு அவ்வளவுதான் நம்பிக்கை. நான்கு மாதங்கள் ஆவதற்குள், 1992 ஜனவரியில், அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளிவிட்டுப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1991இல் ஸ்டார் டிவியுடன் சேர்ந்து இந்திய வீடுகளுக்குள்ளும் நுழைந்த எம்டிவி, கலைந்த தலையும் பழைய ஸ்வெட்டருமாக நின்ற அந்தப் பாடகரை உலகத்துக்கே தெரிந்த முகமாக்கியது. 'மாற்று' என்று சொல்லப்பட்ட இசை திடீரென்று மைய நீரோட்டமாகிவிட்டது.

இந்த வெற்றி கோபேனை மகிழ்வித்ததைவிடக் குழப்பியதே அதிகம். புட்ச் விக் பதிவு செய்து, ஆண்டி வாலஸ் ஒலிக்கலவை செய்த 'நெவர்மைண்ட்' வழவழவென்று இருந்தது. கூர்மையான ஓரங்கள் தேய்க்கப்பட்டு, வானொலிக்கு ஏற்றபடி பளபளப்பாக்கப்பட்டிருந்தன. இது தாங்கள் வெறுத்த பகட்டு ராக்குக்கு அருகில் போய்விட்டதே என்று அவர் வெளிப்படையாகவே குறைபட்டார். கூட்டமும் மாறிவிட்டிருந்தது. பள்ளியில் தன்னைப் போன்றவர்களைச் சீண்டிய முரட்டுப் பையன்கள் இப்போது தன் கச்சேரியில் முன்வரிசையில் நின்றார்கள். 1992 டிசம்பரில் வந்த 'இன்செஸ்டிசைட்' தொகுப்பின் உறையில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். ஒருபால் விருப்பினரையோ, வேற்று இனத்தாரையோ, பெண்களையோ வெறுப்பவர்கள் எங்கள் கச்சேரிக்கு வரவேண்டாம், எங்கள் இசைத்தட்டுகளை வாங்கவும் வேண்டாம் என்பது அதன் சாரம். வாடிக்கையாளரை இப்படி வடிகட்ட நினைக்கும் ஒரு நட்சத்திரத்தை எந்தக் கம்பெனிதான் விரும்பும்?

பனிக்கு நடுவே

அல்பினியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பிக்ஸீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா' ஆல்பத்தை 1988இல் பதிவு செய்தவர் அவர். கோபேன் ஆராதித்த ஆல்பம் அது. அல்பினி தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ஒலிப்பதிவாளர், அவ்வளவுதான். ஒரு குழு ஓர் அறையில் வாசிக்கும்போது அந்த அறையில் என்ன கேட்கிறதோ அதை அப்படியே நாடாவில் பிடிப்பது தன் வேலை என்பது அவரது கட்சி. பிடித்ததை இழைத்து, பூசி, அழகாக்குவது அவருக்கு ஒவ்வாது.

1993 பிப்ரவரி 12. மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற ஊருக்கு அருகே, பனி மூடிய காட்டுக்குள் இருந்த பேக்கிடெர்ம் ஒலிப்பதிவுக் கூடத்தில் மூவரும் வந்து இறங்கினார்கள். ஊரார் மோப்பம் பிடிக்காமல் இருக்க 'சைமன் ரிச்சி குரூப்' என்ற பெயரில் பதிவு. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷஸுடைய இயற்பெயர் அது. கூடத்துக்கான செலவு 24,000 டாலர். உலகின் மிகப் பிரபலமான குழு ஒன்றுக்கு இது கைச்செலவு.

டிரம்ஸைச் சுற்றி அல்பினி ஏராளமான மைக்குகளை நிறுத்தினார். அடியின் சத்தத்தோடு அது சுவரில் மோதித் திரும்பும் சத்தமும் அவருக்குத் தேவைப்பட்டது. இரண்டு பாட்டுகளுக்கு டிரம்ஸைச் சமையலறைக்கே தூக்கிப்போனார்கள். அங்கே எதிரொலி நன்றாக இருந்தது. பெரும்பாலான பாட்டுகளில் மூவரும் சேர்ந்து வாசித்ததே பதிவானது. அடிப்படைப் பதிவுகள் சுமார் ஆறு நாளில் முடிந்தன. குரல், கலவை எல்லாம் சேர்த்து இரண்டு வாரத்தில் ஆல்பம் தயார்.

12 பாட்டுகள், 41 நிமிடங்கள். முதல் பாட்டான 'செர்வ் தி செர்வன்ட்ஸ்' டிரம்ஸ் குச்சிகளின் தாளக் கணக்கோடு தொடங்கி, சுருதி பிசகியது போன்ற ஒரு கிட்டார் அலறலில் வந்து விழுகிறது. வரவேற்பு மாலை எதிர்பார்த்து வந்தவருக்கு முகத்தில் தண்ணீர். ஜெர்மன் எழுத்தாளர் பாட்ரிக் சூஸ்கிண்டின் 'பெர்ஃப்யூம்' நாவலிலிருந்து கரு எடுத்த 'சென்ட்லெஸ் அப்ரன்டிஸ்' பாட்டில் குரோலின் டிரம்ஸ் கதவை இடிப்பதுபோல ஒலிக்கிறது. மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட சியாட்டில் நடிகை ஃபிரான்சஸ் ஃபார்மர் பெயரில் ஒரு பாட்டு உண்டு. கம்பெனிக்காரர்களின் வியாபார மொழியையே தலைப்பாக்கிக் கிண்டல் செய்யும் 'ரேடியோ ஃபிரெண்ட்லி யூனிட் ஷிஃப்டர்' உண்டு. இந்த இரைச்சல்களுக்கு இடையில் 'டம்ப்', 'ஆல் அபாலஜீஸ்' என்று செல்லோ இழையும் இரண்டு மென்மையான பாட்டுகளும் இருக்கின்றன. சத்தமும் சாந்தமும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கும் வீடு போன்றது இந்த ஆல்பம்.

யாருடைய ஒலி?

நாடாக்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் கலகம் ஆரம்பித்தது. ஏப்ரலில் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழுக்குப் பேட்டியளித்த அல்பினி, கம்பெனிக்கும் நிர்வாகிகளுக்கும் ஆல்பம் பிடிக்கவில்லை, அது வெளிவருமா என்பதே சந்தேகம் என்று போட்டுடைத்தார். மே மாதம் 'நியூஸ்வீக்' பத்திரிகை அதையே பெரிய செய்தியாக்கியது. தன் சொந்தக் கலைஞர்களையே கம்பெனி நெரிக்கிறது என்ற கதை பரவியது. குழுவினர் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதி, அதையே 'பில்போர்டு' இதழில் முழுப்பக்க விளம்பரமாகவும் வெளியிட்டார்கள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் சாரம். கம்பெனியும் தன் பங்குக்கு அறிக்கை விட்டது.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டபோது குழுவினருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாடும் குரல் இரைச்சலில் அமுங்குகிறது, பேஸ் கிட்டார் தெளிவாக இல்லை என்று பட்டது. மறுபடி கலந்து தரும்படி அல்பினியைக் கேட்டார்கள். இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். ஆர்.ஈ.எம். குழுவின் ஆல்பங்களைத் தயாரித்த ஸ்காட் லிட் அழைக்கப்பட்டார். சியாட்டிலில் வைத்து 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டையும் அவர் புதிதாகக் கலந்தார். முதல் பாட்டில் கோபேனே கூடுதலாகக் கிட்டாரும் பின்னணிக் குரலும் சேர்த்தார். மற்றப் பத்துப் பாட்டுகளும் அல்பினியின் கலவையாகவே நின்றன. கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் பாப் லட்விக், குரலையும் பேஸையும் சற்று முன்னுக்குக் கொண்டுவந்தார்.

அல்பினிக்கு இதில் திருப்தியில்லை. கடைக்கு வந்த ஆல்பம் தாங்கள் பதிவு செய்ததைப்போல ஒலிக்கவில்லை என்று பின்னாளில் சொல்லிவந்தார். இதைக் கம்பெனியின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்' பாட்டின் நடுவே வரும் கிட்டார் பகுதியில் அல்பினியின் கலவையில் இருந்த நடுங்கும் ஒலி விளைவை முதலில் எதிர்த்தவர் கம்பெனி அதிகாரி அல்ல, நோவசெலிக். ஒலி எங்களுடையது என்று சண்டை போட்ட குழு, அந்த உரிமையைப் பயன்படுத்தித்தான் மாற்றவும் செய்தது. கலைஞனின் சுதந்திரத்தில், தன் முதல் முடிவைத் திருத்திக்கொள்ளும் சுதந்திரமும் அடக்கம். அன்றைய செய்திகளில் தொலைந்துபோன விஷயம் இதுதான்.

இன்னொரு சமரசம் கடைகளுடன். ஆல்பத்தின் முன்னட்டையில் உடலின் உள்ளுறுப்புகள் தெரியும், சிறகு முளைத்த பெண் பொம்மை. பின்னட்டையில் பூக்களுக்கு நடுவே கருச்சிசு பொம்மைகளை அடுக்கி கோபேன் அமைத்த காட்சி. அத்துடன் 'ரேப் மீ' என்ற பாட்டுத் தலைப்பு. அது பாலியல் வன்முறைக்கு எதிரான பாட்டு என்று கோபேன் விளக்கியும் பயனில்லை. 1992 செப்டம்பரில் எம்டிவி விருது விழாவில் அதைப் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்டபோது, நேரடி ஒளிபரப்பில் அதன் முதல் சில விநாடிகளை மட்டும் வாசித்துவிட்டு வேறு பாட்டுக்குத் தாவி அதிகாரிகளைப் பதறவைத்தவர் அவர். இப்போது வால்-மார்ட், கே-மார்ட் ஆகிய பெரிய கடைச் சங்கிலிகள் ஆல்பத்தை அடுக்க மறுத்தன. 1994 மார்ச்சில் பின்னட்டைப் படம் திருத்தப்பட்டு, தலைப்பு 'வெய்ஃப் மீ' என்று மாற்றப்பட்ட பதிப்பு அந்தக் கடைகளுக்குப் போனது. கோபேன் ஏன் சம்மதித்தார்? சிறு ஊர்ப் பையன்களுக்கு அந்தக் கடைகளைவிட்டால் வேறு கதியில்லை என்பது அபர்தீனில் வளர்ந்தவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தை வடிகட்ட நினைத்த அதே மனிதர், தன்னைப் போன்ற ஒரு பையனுக்குப் பாட்டு எட்டாமல் போவதை விரும்பவில்லை.

வரவேற்பு

1993 செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு முழுமையாக வந்தது. முதல் வாரத்தில் 1,80,000 பிரதிகள் விற்று நேரே முதலிடம். விற்காது என்று ஜோசியம் சொன்னவர்கள் வாயடைத்தார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குள் அதே சியாட்டிலைச் சேர்ந்த பேர்ல் ஜாம் குழுவின் 'வெர்சஸ்' வெளிவந்து, முதல் ஐந்து நாளிலேயே 9.5 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், நிர்வானா தன் ரசிகர்களைத் தானே துரத்திவிட்டது என்றார்கள்.

விமர்சகர்கள் வேறு தராசு வைத்திருந்தார்கள். 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை நாடெங்கிலும் உள்ள விமர்சகர்களிடம் அப்போது ஆண்டுதோறும் நடத்திவந்த வாக்கெடுப்பில் 'இன் யூட்ரோ' அந்த ஆண்டு இரண்டாமிடம் பெற்றது. முதலிடம், லிஸ் ஃபேர் என்ற புதுமுகப் பாடகியின் முதல் ஆல்பத்துக்கு. கிராமி விருதுக்கும் 'இன் யூட்ரோ' பரிந்துரைக்கப்பட்டது. ஆல்டர்னேடிவ் பிரிவில் பரிசைத் தட்டிச்சென்றது யு2 குழு.

நவம்பர் 18இல் நியூயார்க்கில் எம்டிவியின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சிக்காக மின்கிட்டார் அலறல் இல்லாமல் குழு வாசித்தபோது, 'இன் யூட்ரோ' பாட்டுகள் மூன்று அதில் இருந்தன. இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட ஆல்பத்துக்குள் எவ்வளவு இனிமையான மெட்டுகள் இருந்தன என்பது அன்று பலருக்குப் புரிந்தது.

இரண்டாவது முறை

1994 ஏப்ரல் 5இல் கோபேன் தன் சியாட்டில் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று நாள் கழித்தே உலகுக்குத் தெரிந்தது. வயது 27. போதைப் பழக்கம், தீராத வயிற்றுவலி, மனச்சோர்வு என்று நீண்டகாலமாகப் போராடியவர். மனைவியும் இரண்டு வயது நிரம்பாத மகளும் இருந்தார்கள். 'பென்னிராயல் டீ' பாட்டைத் தனி இசைத்தட்டாக வெளியிடும் ஏற்பாடு கைவிடப்பட்டது.

அன்றிலிருந்து 'இன் யூட்ரோ' வேறு ஆல்பமாகிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் சாவின் முன்னறிவிப்பைத் தேட ஆரம்பித்தார்கள். தற்கொலை எண்ணத்தை அப்பட்டமாகச் சொல்லும் ஒரு வாசகத்தைத்தான் ஆல்பத்துக்குத் தலைப்பாக முதலில் கோபேன் வைத்திருந்தார் என்பது, தேடியவர்களுக்குச் சாட்சியம்போல அகப்பட்டது. அவர் அதை நகைச்சுவை என்றுதான் சொல்லியிருந்தார். வழக்கு வரக்கூடும் என்று நோவசெலிக் எடுத்துச்சொல்லி மாற்றவைத்திருந்தார்.

தேதிகளைப் பார்த்தால் இந்த மரண வாக்குமூலக் கதை நிற்பதில்லை. 'ஆல் அபாலஜீஸ்', 'டம்ப்', 'பென்னிராயல் டீ' ஆகிய மூன்றும் 1990இலேயே உருவானவை. புகழ் வருவதற்கு முன்பு, 'நெவர்மைண்ட்' வெளிவருவதற்கு முன்பு. 'ரேப் மீ'யும் 1991இல் எழுதப்பட்டது. சாகத் தீர்மானித்தவரின் கடைசி வார்த்தை என்று கருதப்படும் 'ஆல் அபாலஜீஸ்' பாட்டை, 1992இல் இங்கிலாந்தின் ரெடிங் விழாவில் மனைவிக்கும் புதிதாய்ப் பிறந்த மகளுக்கும் சமர்ப்பித்துத்தான் அவர் பாடினார். துயரம் அந்தப் பாட்டுகளில் இல்லை என்பதல்ல. இருக்கிறது. கூடவே கேலி இருக்கிறது, கோபம் இருக்கிறது, குழந்தை பிறந்த மிரட்சி இருக்கிறது, மூன்று பேர் ஒரே அறையில் ஒத்து வாசிக்கும் குதூகலமும் இருக்கிறது. சாவு இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட்டது.

'அன்பிளக்டு' கச்சேரியின் ஆல்பம் 1994 நவம்பரில் வந்து, 1996இல் கிராமி பெற்றது. உயிரோடு இருந்த குழுவுக்கு அந்தப் பிரிவில் கிடைக்காத பரிசு அது.

காலம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2013இல் வந்த 20ஆம் ஆண்டுப் பதிப்பில், லிட் கைவைப்பதற்கு முந்தைய அல்பினியின் இரண்டு பாட்டுகளும், முழு ஆல்பத்துக்கும் அல்பினி புதிதாகச் செய்த கலவையும் சேர்க்கப்பட்டன. 1993இல் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிய வித்தியாசத்தை யார் வேண்டுமானாலும் இப்போது காதால் அளந்துபார்க்கலாம். குரல் ஓர் அடி பின்னால் நிற்கிறது, கிட்டார் ஓர் இடத்தில் நடுங்குகிறது. அவ்வளவுதான். அதே மெட்டு, அதே சொற்கள், அதே ஆவேசம். வெளியிடவே லாயக்கில்லை என்று வதந்தி பரவிய பதிவு, வெளியான பதிவுக்கு உடன்பிறப்பாகவே இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஆல்பம் 50 லட்சம் பிரதிகளுக்குமேல் போயிருக்கிறது. கடிதத்தில் அல்பினி போட்டது 30 லட்சம் கணக்கு.

பங்கு கேட்டிருந்தால் அந்த விற்பனை அவரைச் செல்வந்தராக்கியிருக்கும். அவரோ கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. 1997இல் சிகாகோவில் சொந்தக் கூடம் அமைத்து, பெயர் தெரியாத சிறு குழுக்களுக்கும் அதே முறையில், அன்றாடக் கூலிக்கு ஒலிப்பதிவு செய்துவந்தார். 2024 மே 7இல், 61ஆவது வயதில், மாரடைப்பில் இறந்தார். அவருடைய கூலிக் கணக்கில் 'இன் யூட்ரோ'வுக்கான வரவு கடைசிவரை 1 லட்சம் டாலர்தான்.